விருப்பு இலக்கம்

துருசு போடச் சொல்லித்தான் முதலாளி சொன்னார்.
ஆறு கிலோ கோதுமை மா, கொதிநீர், ஒரு பிடி துருசு.
பசை புளிக்காது, பூச்சி அரிக்காது,
வாக்களிக்கும் நாள்வரை
வேட்பாளர் சுவரில் நிற்பார்.
நான் போடவில்லை.
அதைப் பிறகு சொல்கிறேன்.

மத்திய வீதியில் எங்கள் அச்சகம்.
காலையில் குடைக்கட்சி வரும்,
மத்தியானம் மண்வெட்டி,
மஃரிப் தொழுகை முடிய பூட்டு.
ஒவ்வொரு பட்டியலிலும் ஏழு முகம்,
மாவட்டத்துக்குக் கதிரை நாலு.
எல்லாரும் கைகூப்பிய படத்தையே கேட்கிறார்கள்.
ஒருவர் கூப்பாமல் எடுத்த படத்தோடு வந்தார்;
ரம்சீன் கணினியில்
எதிர்க்கட்சிக்காரரின் கைகளை அவருக்கு ஒட்டிவிட்டான்.
ஐயாயிரம் பிரதி போன பிறகு
மோதிரத்தைப் பார்த்து
அவருடைய மனைவிதான் கண்டுபிடித்தாள்.

சிங்களம் பார்ப்பது சுமணசிறி அண்ணன்.
தமிழ் நான்.
கந்தளாய்க்குப் போகும் துண்டில் இருக்கும் வரி
சாம்பல்தீவுக்குப் போகும் துண்டில் இல்லை.
சாம்பல்தீவில் இருப்பது கிண்ணியாவில் இல்லை.
ஒரே ஆள், ஒரே படம், ஒரே சிரிப்பு.
அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நான் ஒற்றுக்குப் புள்ளி வைத்தேன்.
எழுத்துப்பிழைக்கு மட்டும்தான் எங்களுக்குச் சம்பளம்.

இரவு தங்கச்சி எடுத்தாள், லிமெரிக்கிலிருந்து.
முதியோர் இல்லத்தில் தேநீர் இடைவேளை.
"இங்கயும் எலெக்‌ஷன் அக்கா,
விளக்குக் கம்பமெல்லாம் மூஞ்சி.
மழைக்குள்ள வந்து கதவு தட்டுகினம்."
இங்கேயும் மழை என்றேன்.
"முந்தி ஒரு உள்நாட்டுச் சண்டை நடந்ததாம்,
அதில பிறந்த ரெண்டு கட்சி.
இப்ப ஒரே மேசையில இருந்து ஆளுகினம்.
நூறு வருசம் பிடிச்சதாம்."

நூறு.
விரலில் எண்ணத் தொடங்கினேன்,
எங்களுக்கு இன்னும் எத்தனை என்று.
பசை காய்ந்த விரல்கள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"வடிவாக் கேள்," என்றாள்,
"ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு
விருப்பத்துக்கு நம்பர் போடலாம், கட்சி மாறியும்.
முதலாம் ஆள் தோத்தா வாக்கு சாகாது,
ரெண்டாம் ஆளிட்ட நடந்து போகும்."

எங்களுக்கும் விருப்பு வாக்கு உண்டு.
மூன்று இலக்கம், ஒரே கட்சிக்குள்.
வளவுக்குள் கட்டின ஆடு,
கயிறு எவ்வளவோ அவ்வளவு புல்.
சுமணசிறி அண்ணனுக்கு முதலாவது,
மூதூர் ஆசிரியை ஹம்தூனாவுக்கு இரண்டாவது,
தெருக்குழாயைத் திருத்தித் தந்த எங்கள் சபாநடேசனுக்கு மூன்றாவது
என்று ஒரு சீட்டில் எழுதிப் பார்த்தேன்.
இவர்களில் யாரும் போட்டியிடவில்லை.
போட்டியிட்டாலும்
அந்தச் சீட்டு செல்லுபடியாகாது.

இனி அந்தத் துருசு.

இரவு இரண்டு மணிக்குப் பையன்கள் ஒட்டுவார்கள்,
பொலிஸ் ஏழு மணிக்குக் கிழிக்கும்.
இடையில் ஐந்து மணிக்கு
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் இறங்கும்.
போன மாரியில் கொம்பன் ஒன்று
பொலித்தீன் தின்று உப்பிச் செத்துக் கிடந்தது
பஸ் நிலையத்துக்குப் பின்னால்.
நகரசபை டிராக்டரில் அதை ஏற்றும்போது
ஒரு கொம்பு மட்டும் வெளியே நீண்டு
தெருவெல்லாம் ஆடிக்கொண்டு போனது.

இப்போது அவை மாப்பசைக்குப் பழகிவிட்டன.
நேற்று வேலைக்கு வரும் வழியில் நின்று பார்த்தேன்.
ஒரு பெண்மான் முதலில் இலக்கம் ஐந்தின் காதை மென்றது,
பிறகு குடையின் பாதியை,
பிறகு மதில் தாண்டி அடுத்த பக்கம்,
பூட்டின் இலக்கம் இரண்டு.
எந்தக் கட்சி என்று அது பார்க்கவில்லை.
குட்டி
மழையில் உரிந்து தொங்கிய ஒரு வாக்குறுதியைப்
பல்லால் இழுத்து இழுத்துத் தோற்றது.

முதலாளி கேட்டார்:
"ஒண்டும் சுவரில நிக்குதில்லையாம்.
துருசு போட்டனியா?"
"போட்டனான்," என்றேன்.
தேர்தல் காலம்.
எல்லாரும் ஒன்றிரண்டு சொல்கிறார்கள்.