முப்பது வினாடி

கோணேசபுரிக் கட்டிடத்தின் மேல்தட்டில்
ஒரு குழாய் சூரியனைப் பார்க்கும்.
பார்த்து, முப்பது வினாடி பொறுத்துப் பார்க்கும்.
மறுபடி பொறுத்து, மறுபடி.
மூன்றும் ஒரே பேச்சென்றால் துகள்.
ஆளுக்கொன்று சொன்னால் மேகம்.
மேகத்துக்கு இருப்புக்கொள்ளாது;
தூசு வந்தால் பாய் விரித்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு.
நுண்துகள் நீலத்தை அதிகம் பிடுங்கும்,
சிவப்பைப் போகவிடும்.
உயரத்துப் பனிமேகத்துக்கு ஓரவஞ்சனை இல்லை,
எல்லா நிறத்துக்கும் ஒரே வரி.

மாசி முழுக்க, ஓரிரு நாள் தவிர,
செய்மதி சொன்னது: திருகோணமலை வானம் துப்புரவு.
குழாய் சொன்னது: மெல்லிய மேகம்.
எல்லா நிறத்திலும் ஒரே அளவு,
முப்பது வினாடியில் அசையவும் அசையாத
ஒரு மேகம்.
எழுநூறு கிலோமீட்டரில் இருப்பதை நம்புவதா
எட்டு மீட்டரில் இருப்பதையா என்று
தேத்தண்ணி ஆற ஆறச் சண்டை.
நஸ்மிலா செய்மதியின் கட்சி.
நான் எங்கள் கூரையின் கட்சி, வேறென்ன.

மூன்றாம் கிழமை அவள் ஏணி வைத்தாள்.
குழாய்க்குள் டோர்ச் அடித்து
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
"உங்கட மேகத்துக்கு எட்டுக் கால்."

நகக்கண் அளவு சிலந்தி.
வலையில் ஓரவஞ்சனை இல்லை.

இருபத்தொரு நாளையும் அழிக்க உட்கார்ந்தோம்.
பதினாறாந் திகதியில் என் விரல் நின்றது.
அன்று தம்பலகாமத்து வயல்களில் வைக்கோல் எரித்தார்கள்.
விடியலில் தரைக்காற்று அதை
உட்துறைமுகத்துக்கு மேலால் கொண்டுவந்தது.
தெருவில் படுத்திருந்த மான்கள்கூட எழும்பிப்போயின.
கொடியில் கிடந்த என் வெள்ளைச் சேலை
இரண்டு தரம் தோய்த்தும் வைக்கோல் மணத்தது.

செய்மதிப் படத்தில் அந்த நாளைத் தேடினேன்.
இவ்வளவு தடிப்பும் இவ்வளவு திட்டும்
மேகமாய்த்தான் இருக்கும் என்று
கணக்கு அதைத் தள்ளியிருந்தது.
கிண்ணியாவுக்கு மேலே கட்டம் கட்டமாய் வெள்ளை.
தரவு இல்லை.

மேலே ஒருவன் புகையை மேகம் என்றான்,
கீழே ஒருவன் வலையை.
நான் கீழே இருந்தவனுக்காகச் சத்தம் போட்டவள்.

அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
16. புகை. சாட்சி: ஒரு சேலை.

நஸ்மிலா சிரிப்பாள் என்று நினைத்தேன்.
பென்சிலை வாங்கி
அடியில் நேரத்தைச் சேர்த்தாள்:
இரவு 2.40. மகனுக்கு இன்ஹேலர்.
மறுபடி 3.10.
மறுபடி.