மூன்றரை ஜோடி

சனிக்கிழமை எங்களுக்கு விழுந்த நேரம்
மத்தியானம் இரண்டு நாற்பது.
திருவொற்றியூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில்
நாட்டுப்புறக் கலைவிழா என்று அப்போது இருந்தவை
ஒரு பந்தல், இருநூறு நாற்காலி,
பதினொரு பேர்.
அதில் இரண்டு பேர் நிழலுக்கு வந்தவர்கள்,
ஒருவர் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்பவர்.

நாங்கள் எட்டுப் பேர்.
வாராவாரம் செவ்வாய் ராத்திரி
மிண்ட் மேம்பாலத்துக்கு அடியில்
வண்டிகள் காலியானதும் ஆடுகிறவர்கள்.
லேத்துப் பட்டறை, ரத்தப் பரிசோதனைக் கூடம்,
துறைமுகத்து கிரேன், டியூஷன் சென்டர் என்று
ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து
பையிலிருந்து சலங்கையை எடுக்கும்போதே
பாதிக் களைப்பு போய்விடும்.
மீதிக் களைப்போடுதான் ஆடுவோம்.

ஒயிலுக்கான கைக்குட்டை
எம்.சி. ரோட்டில் வடிவுடை பேரம் பேசி வாங்கியது.
"சாயம் போவாதுக்கா, எம்மேல சத்தியம்" என்றானாம்.
மூன்றாவது திருப்பத்தில் வியர்வை இறங்கி
பதினாறு உள்ளங்கையும் சிவப்பு.
வீசி வீசி
பக்கத்து ஆளின் சட்டையிலும் கன்னத்திலும்
புள்ளி வைத்தோம்.
இறங்கி வந்தபோது பந்தோபஸ்து ஏட்டு
எங்கள் கைகளையே பார்த்து
தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.
பதினொரு பேரும் கைதட்டினார்கள். எண்ணினேன்.
ஜெனரேட்டர்காரர் இரண்டு தடவை.

ஞாயிறு சாயங்காலம் கோலாட்டம்.
நாற்காலி நிரம்பி, மதில்மேல் பையன்கள்,
மணலிப் பக்கக் காற்றில் அந்த வாசனை,
அதோடு பஜ்ஜி எண்ணெய்.
ஆறே காலுக்கு செலஸ்டின் போன்:
"கப்பல் உள்ள வந்துட்ச்சு. மாத்த ஆளில்ல.
எண்ணூர்லேர்ந்து இப்ப எப்டி வர்றது?"
பின்னால் கன்டெய்னர் இறங்கும் சத்தம்.

கோலாட்டத்துக்கு ஏழு பேர் என்றால்
மூன்றரை ஜோடி.
வேண்டாம், சொல்லிவிடலாம் என்றான் சாதிக்.
அதற்குள் மைக்கில் கூப்பிட்டாயிற்று,
செவ்வாய்க்கிழமைக் குழுவை
செவ்வாய்க் கிரகக் குழு என்று.
மதில் முழுக்கச் சிரிப்பு.
வேற்றுக் கிரகவாசிகளாகவே ஏறினோம்.

இந்த ஆட்டத்தில் யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை.
ரெண்டு தட்டு, நகர். ரெண்டு தட்டு, நகர்.
ஆகவே செலஸ்டின் இல்லாததும் எங்களோடு நகர்ந்து
ஒவ்வொருவர் எதிரிலும்
முறைவைத்து வந்து நின்றது.
வடிவுடை காற்றை அடித்துத் தடுமாறினாள்.
சாதிக் தன் கோலைத் தானே தட்டிக்கொண்டான்.
ஆரோன் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தான்.
என் முறை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை,
கோலை நீட்டியபடி நின்றுவிட்டேன்.

முன்வரிசையில், நாற்காலியில் மீன்கூடையை உட்காரவைத்து
தான் நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா
"டக்கு!" என்றாள்.

அடுத்த காலியிடத்துக்குப் பத்துப் பேர்.
அதற்கடுத்ததற்கு மதில்.
அப்புறம் யார் நிறுத்துவது?
அவசரக்கார ஜனம்,
நாங்கள் வந்து சேரும் முன்பே தட்டியது.
தப்பக்கூடாதே என்று நாங்கள் ஓட,
ஆட்டம் முடிந்து கும்பிட்டு நின்றபோது
ஆரோனின் பென்டிரைவில் பாட்டு
இன்னும் நாற்பது விநாடி ஓடியது.
ஏழு பேரும் மூச்சிரைக்க அதைக் கேட்டோம்.

ராத்திரி செலஸ்டினுக்கு வீடியோ அனுப்பினால்
கிரேன் கூண்டிலிருந்து பதில்:
"என் எடத்துல ஆடுனது யாரு?
தாளமே இல்லியே."

திங்கள் காலை கொருக்குப்பேட்டையில்
என் வேலை, மீட்டர் ரீடிங்.
மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்து
எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தபோது
வீட்டுக்காரர் என் நகங்களைப் பார்த்தார்.
மருதாணியா மேடம்?
ஆமாம் என்றேன்.
விளக்கப் போனால்
இன்னும் நாற்பத்தெட்டு வீடு இருக்கிறது.

மீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு
இரண்டு தரம் மினுங்கட்டும் என்று பார்த்துவிட்டு
அடுத்த வாசலுக்கு நகர்ந்தேன்.