மீதி

எண்ணெய் ஒரு சொட்டு. லென்ஸை இறக்கினேன்.
ஊதிப்போன சிவப்பணுவுக்குள்
யாரோ கழற்றி வைத்த மோதிரம் போல் ஒன்று.
வைவாக்ஸ்.
பதிவேட்டில் எழுதினேன்:
புத்ராய் ஹெம்ப்ரம், இருபத்தாறு, ஊர் தும்கா.
இப்போது கானாடுகாத்தானில்
ஹோட்டலாக மாறிக்கொண்டிருக்கும் வீட்டில்
தரைக்கு மெருகு போடுகிறான்.

மறுநாள் நானே போனேன்.
பதினேழு ஆண்கள், சமையலுக்கு ஒரு பெண்,
பதினெட்டு விரல்கள்.
இரண்டாம் கட்டில் மழைநீர் நின்ற அண்டா.
புழுக்கள் தண்ணீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தன,
தலைகீழாகத் தொங்காமல்.
அனாஃபிலஸ்தான்.
பக்கத்து வீட்டிலும் அண்டா இருக்கலாம்.
சாவி கோலாலம்பூரில்.

அலமாரியை உடைத்தபோது கிடைத்ததாம்,
ரங்கூன் முத்திரையோடு காலி க்வினைன் சீசா.
மேஸ்திரி அதை எண்ணூறு ரூபாய்க்கு
காரைக்குடிப் பழம்பொருள் கடையில் விற்றுவிட்டார்.
என் கைப்பையில் இருந்த மாத்திரைகளுக்கு
விலை கிடையாது.

சுவரில் ஒட்டிய அட்டவணை எனக்கு மனப்பாடம்.
ஃபால்சிபாரம் என்றால் வேறு வரிசை:
ஆர்ட்டிசுனேட் மூன்று நாள்,
துணை மாத்திரை முதல் நாளே,
பிரைமாகுயின் இரண்டாம் நாள், ஒரே தடவை.
வைவாக்ஸுக்கு
குளோரோகுயின் நாலு, நாலு, இரண்டு.
காய்ச்சல் அதிலேயே இறங்கிவிடும்,
ஆளும் வேலைக்குப் போய்விடுவான்.
ஆனால் ஈரலில் சில தூங்கும்.
அவற்றுக்குத்தான் பிரைமாகுயின்,
தினம் இரண்டு, பதினாலு நாள்.
ஏழே நாள் போதும் என்கிற பேச்சும் உண்டு.
என் சுவரில் பதினாலு.

பூல்மணிக்கும் வைவாக்ஸ்.
வயிற்றில் ஆறு மாதம்.
அவள் கட்டத்தில் அட்டவணை
குளோரோகுயினோடு நின்றுவிடுகிறது.
"இவளுக்கு ஏன் பாதி?" என்றான் புத்ராய்,
கரண்டியளவு தமிழில்.
பிள்ளைக்கு ஆகாது, பிறகு பார்க்கலாம் என்றேன்.
பிறகு என்பதை
அவன் மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.
வெறும் தரையைக் காட்டி, பிறகு
பளபளக்கும் தரையைக் காட்டினேன்.
சிரித்தான்.

தினமும் காலை அவன் சாப்பிட்டு முடித்ததும் போவேன்.
சிறுநீர் என்ன நிறம்? கோலா மாதிரி ஆனால்
அந்த நிமிடமே நிறுத்து, ஓடி வா.
வாயைத் திற. நாக்கைத் தூக்கு.
அவன் வெட்கப்படுவான், நான் எண்ணுவேன்.
பத்தாம் நாள் சாயங்காலம்
மேஸ்திரி எல்லோரையும் லாரியில் ஏற்றினார்.
ஓசூரில் ஏதோ மால்.
ஓடிப்போய் எட்டு மாத்திரையைக் கையில் திணித்தேன்,
நாலு நாளுக்கு.
ஓசூர் ஆய்வாளருக்குப் போன் போட்டேன்.
லாரி நம்பர் கேட்டார்.
நான் பார்த்தது தார்ப்பாயை மட்டும்.

பதினாலாம் நாள் ராத்திரி
வாட்ஸப்பில் ஒரு படம்.
சிமெண்ட் படிந்த உள்ளங்கை,
அதில் இன்னும் நாலு.

திட்டத்தான் கூப்பிட்டேன்.
ஏன் முழுங்கவில்லை, மறந்தாயா?
"மறக்கல, மேடம். பூல்மணிக்கு வச்சிருக்கேன்.
பிள்ளை வந்த பிறகு."
பிறகு என்ற சொல்லை
அவ்வளவு திருத்தமாகச் சொன்னான்.

அட்டவணையில் இதற்கு வரிசை இல்லை.
அவளுக்கான கணக்கு வேறு, புத்ராய்.
முதலில் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்,
பால் கொடுக்கும்போது பிள்ளைக்கும் சேர்த்து.
நாலு மாத்திரையால் யாருக்கும் ஆகாது.
அவளுக்கு நான் வாங்கித் தருகிறேன், எந்த ஊரானாலும்.
(எப்படி என்று அவன் கேட்கவில்லை.)
இப்போது இரண்டு போடு. நாளைக்கு இரண்டு.

அந்தப் பக்கம் அவள் குரல்,
டம்ளர் வைக்கும் சத்தம்,
ஒரு மடக்கு.
தண்ணீர்தானா, தெரியவில்லை.
நாக்கைத் தூக்கு என்று
போனில் எப்படிச் சொல்வது?

"முழுமையாக உட்கொண்டார்: ஆம் / இல்லை."
பேனா மூடியைக் கடித்தபடி
அந்தச் சாய்கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நாளைக்கும் ஒரு முறை போன் போடவேண்டும்.