கீழே ஓடும் வரி

முதலில் ஒரு கோடு.
பிறகு அடியிலிருந்து கால்பகுதிப் படம்
கோப்பி கொட்டிய மேசைபோல் கறுத்தது.
முகங்கள் மிச்சம். சன்னல், விளக்கு, மழை எல்லாம் மிச்சம்.
எழுத்து மட்டும் போய்விட்டது.

பரஞ்சோதிக்கு எழுத்துதான் காது.
செம்பவாங் கப்பல் பட்டறையில் இருபத்தாறு ஆண்டு
துரு தட்டித் தட்டி
செவியை இரும்புக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்.
தமிழ் நாடகத்தை ஆங்கிலத்தில் பார்ப்பவர்
எங்கள் பிளாக்கில் அவர் ஒருவர்தான்.

பழுதுபார்க்க வந்தவன்
பின்பக்கத்தைத் திறக்கக்கூட இல்லை.
"பேனல் போச்சு அக்கா. புதுசே வாங்கிடுங்க."
அதைச் சொன்னதற்கு முப்பது வெள்ளி.

மூன்று வாரம் நானே வரி ஆனேன்.
சோபா ஓரத்தில் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து
உதட்டை மெல்ல அசைத்து,
மாதங்கி என்ன சொன்னாள், மாமியார் என்ன சொன்னாள்,
வக்கீல் என்ன சொல்லாமல் விட்டார்.
நாடகம் என் முதுகுக்குப் பின்னால் நடந்தது.

உறையில் நானூறு வெள்ளி.
தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கென்று
ஒரு நீலத் தாளை வெளியே எடுத்தேன்.
யோசித்துத் திரும்ப வைத்தேன்.

உட்லண்ட்ஸ் கடையில் ஒரு சுவர் முழுக்க
ஒரே ஆமை முப்பது பெட்டியில் நீந்தியது.
எந்த ஆமைக்கு விலை கேட்பது?
விற்பனைப் பையன் ஜூன் வெய்
இதில் கறுப்பு எவ்வளவு கறுப்பு, பாருங்கள் என்றான்.
கறுப்பு எங்களிடம் நிறையவே இருக்கிறது, தம்பி.
ஐம்பத்தைந்து அங்குலம், எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது,
இரண்டு வருடத் தவணை, மாதம் முப்பத்து மூன்றுதான்.
அந்தத் "தான்" வந்தவுடன்
பரஞ்சோதி என் கையைப் பிடித்து இழுத்தார்.
சில சொற்கள் அவருக்கு இன்னும் கேட்கும்.

பெட்டிக்கு முன்னால் நின்று
அடி எண்ணிப் பின்னால் நடந்தேன். ஒன்பது.
எங்கள் சோபா அந்தக் கடையில்
துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் வந்தது.
ஒன்றில் அவரைச் சாய்த்து நிறுத்தி
"எழுத்தைப் போடு" என்றேன்.
ஆமைக்கு ஏது வசனம்?
ஜூன் வெய் தேடித்தேடி ஒரு செய்தியைப் பிடித்தான்.
முப்பத்திரண்டில் கண்ணைச் சுருக்கினார்.
நாற்பதில் கழுத்தை நீட்டினார்.
நாற்பத்து மூன்றில் உரக்கப் படித்தார்,
கடையே திரும்பிப் பார்க்கும்படி:
நாளை மாலை இடியுடன் மழை.

நானூற்று ஐம்பத்தொன்பது.
அதே பெட்டி, காட்சிக்கு வைத்தது, ஓரத்தில் நகக்கீறல்,
முந்நூற்று எண்பத்தெட்டு.
வீட்டில் கொண்டுவந்து கொடுக்க நாற்பது.
நாற்பதா?
பக்கத்துவீட்டு ஹோக் செங்கிடம் தள்ளுவண்டி இருக்கிறது.

இரண்டு பேருந்து நிறுத்தத் தூரம்
கூரை போட்ட நடைபாதையிலேயே தள்ளினோம்.
கூரை முடிகிற இடத்தில், சாலையைக் கடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில்,
நாளைக்கென்று படித்த மழை இன்றே வந்தது.
சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு
பனியனோடு நின்றார்
பச்சை மனிதன் எரியும்வரை.

இரவு ஒன்பது மணி.
எழுத்து ஓடியது, வெள்ளையாய், முழுசாய்.
நான் சமையலறையில், எனக்கு வேலை போன மாதிரி
கழுவிய தட்டையே கழுவிக்கொண்டிருந்தேன்.
பாதியில் கூப்பிட்டார்.

"மாதங்கி ஏன் இன்னும் அந்த வீட்டில் அழுகிறாள்?
போன வாரமே நகையை எடுத்துக்கொண்டு வெளியேறி
தையற்கடை வைத்துவிட்டாள் என்றாயே.
கடைக்குப் பெயர்கூடச் சொன்னாய்."

ஈரக் கையைத் துடைத்தேன்.
சொன்னேன்தான்.
எத்தனை நாளைக்கு அவளை அழவிடுவது?

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
வாங்கி ஆறு மணி நேரம்கூட ஆகாத பெட்டிக்கு
முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.
"சரி. கடையில் கூட்டம் எப்படி?"

தீபாவளி வருகிறதே,
தைக்க ஆள் போதவில்லை என்றேன்.