சுக்குவுக்குத் தெரிந்த மொழி

டோல்கெத்லைக்கு மேலே வாடகை வீடு.
சாவியோடு ஒரு பழைய துண்டு, இரண்டு பிஸ்கட்.
அவை சுக்குவுக்கு.
எங்களுக்கு அரை லிட்டர் பாலும்
நாய் மாடி ஏறக் கூடாதென்ற சீட்டும்.

சீட்டைத் தயாபரன் உரக்க வாசித்தான்.
சுக்கு மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

காப்பகத்திலிருந்து ரெடிங்குக்கு வந்து பதினொரு மாதம்.
வா என்றால் வராது. கம் என்றாலும் வராது.
காது மந்தம் என்றார் மருத்துவர்,
அறுபது பவுண்டுக்கு.

மூன்றாம் நாள், மழை சற்றே விட்டபோது
வார் நழுவி வேலி தாண்டிவிட்டது.
மேட்டில் நாற்பது செம்மறிகள்.
சேற்றில் ஒற்றைச் செருப்போடு நான்,
வாய்க்கு வந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டபடி.

டிராக்டரிலிருந்து இறங்காமலே எம்லின்
ஒரே ஒரு முறை கத்தினார்:
டிர்ட் அமா!

நின்றது.
வயிறு புல்லில் உரசத் திரும்பி வந்து
அவர் டயருக்குப் பக்கத்தில் படுத்தது,
காதிரண்டும் நிமிர.

வெல்ஷில் 'இங்கே வா' என்று அர்த்தமாம்.
எனக்கு அதில் அம்மா கேட்டது.

இரவு அடுப்பருகே நானும் சொல்லிப் பார்த்தேன்.
டிர்ட் அமா.
தலை சாய்த்து என் உச்சரிப்பை எடைபோட்டது.
பிறகு, போனால் போகிறதென்று
எழுந்து வந்தது.