கீழே என்றால்

கெயோன் துறைமுகத்தில், சால்மன் அறுக்கும் ஆலையில்,
இரண்டாம் ஷிப்டில் நான்காவது மேசை என்னுடையது.
பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.
காரணம் எல்லோருக்கும் தெரியும்:
ஆலைக்காரி, மீன் நாற்றம்.
அந்தக் காரணத்துக்குள் இன்னொரு காரணத்தை
ஒன்றரை வருடம் ஒளித்து வைத்திருந்தேன்.

மார்ச்சில் கடலில் பாசி பூத்தது.
கூண்டுகளில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.
ஆலையை மூடினார்கள், மூன்று வாரம்.
முதலில் என் முடியிலிருந்து மீன் போயிற்று,
பிறகு நகக்கண்ணிலிருந்து,
கடைசியாக எவாரிஸ்தோவின் வண்டி இருக்கையிலிருந்து.
ஒன்று மட்டும் போகவில்லை.
அது எந்தக் கடலிலிருந்தும் வந்ததில்லை.

அவன் ஒன்றும் கேட்கவில்லை.
இரவில் சுவர்ப்பக்கம் திரும்பிய தோள்தான் கேட்டது.
யாரிடம் வாங்கினாள் என்று அவன் நினைப்பதாக நான் நினைத்தேன்.
யாரிடம் வாங்கி வந்து கொடுத்தான் என்றும் நினைத்தேன்.
நடுவில் போர்வை சில்லிட்டுக் கிடந்தது.

ஆலையில் பழகிய சுத்தம் கையில் இருந்தது.
எலுமிச்சை, வினிகர், வாசனைச் சோப்பு.
ஒருநாள் மேசை துடைக்கும் மருந்தைக்கூட
மூடி திறந்து, மோந்து பார்த்து, மூடிவைத்தேன்.
கழுவக் கழுவ நாறியது.
நாற நாறக் கழுவினேன்.

மருத்துவச்சி நயாதெத் பார்ரியாவிடம்
“கீழே கொஞ்சம் தொந்தரவு” என்றேன்.
“கீழே என்றால்? நிலவறையிலா?”
முகத்தில் சிரிப்பில்லை.
பிறகு அவளே சொன்னாள், யோனி என்று,
முழங்கை என்று சொல்வதைப் போல.

கண்ணாடித் துண்டில் சாம்பல் வெண்மையாக ஓர் ஈரம்.
அதன்மேல் ஒரு சொட்டுக் காரக் கரைசல் விட்டாள்.
அறை முழுக்க என் ரகசியம் எழுந்தது.
நான் ஜன்னலைப் பார்த்தேன், மழையைப் பார்த்தேன்.
அவள் முகத்தைத் திருப்பவில்லை.
குனிந்து மோந்தாள்,
கொதிக்கும் சட்டியைத் திறந்து பதம் பார்ப்பவளைப் போல.

“வாங்க, பாருங்க.”
நுண்ணோக்கியில் என் செல் ஒன்று.
ஓரம் தெரியாமல் பொடிப்பொடியாய்க் கூட்டம் ஏறி
சிப்பிக்குஞ்சு அப்பிய படகின் அடிப்பலகை மாதிரி இருந்தது.

“குச்சி குச்சியாகச் சிலர் இங்கே குடியிருந்தார்கள்.
பாலைத் தயிராக்கும் குலம்.
புளிப்பைச் சுரந்துகொண்டே இருப்பார்கள்.
அந்தப் புளிப்பில் மற்றவர் பெருக முடியாது.
இப்போது அவர்கள் குறைந்துவிட்டார்கள்.”

“ஏன்?”

தோளைக் குலுக்கினாள்.
“உள்ளே ஊற்றிக் கழுவினால் குறையும். புது உறவிலும் குறையலாம்.
பல நேரம் எங்களுக்கே தெரியாது.
இது அழுக்கு இல்லை. துரோகத்துக்குச் சாட்சியும் இல்லை.
உள்ளே இருப்பது மேசை இல்லை, துடைக்காதீர்கள்.”

ஏழு நாள் மாத்திரை.
நாக்கில் பழைய சாவியை வைத்துக்கொண்ட ருசி.
எட்டாம் நாள் வாசனையே இல்லை என்று சொல்லமாட்டேன்.
பீப்பாயில் ஆப்பிள் சாறு புளிக்கத் தொடங்கும் வாசனை, லேசாக.
அது நான்.

எவாரிஸ்தோவிடம் அந்தச் சொல்லை அப்படியே சொன்னேன்.
ரொட்டியைக் கீழே வைத்தான்.
“என்னைச் சந்தேகப்பட்டாயா?”
“நீ?”
தேநீர் ஆறும்வரை இருவரும் பதில் சொல்லவில்லை.
பிறகு சிரித்தோமா அழுதோமா, நினைவில்லை.

ஆகஸ்டில் அது திரும்பி வந்தது.
வரக்கூடும் என்று நயாதெத் சொல்லித்தான் இருந்தாள்,
தூரத்து உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதைப் போல.
இம்முறை ஒன்றரை வருடம் ஆகவில்லை.
ஒன்றரை நாள்.

உடைமாற்றும் அறையில் எலிசெத் என்று ஒருத்தி,
எல்லோரும் போனபின்தான் குளிப்பாள்.
அவள் பையில் எலுமிச்சைகள்.
நேற்று நான்
பூட்ஸ் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டேன்.