ஆட்டு முடிக்கு ஷாம்பு

ஞாயிற்றுக்கிழமை இரவு.
உலான்பாத்தரில் மைனஸ் இருபத்தெட்டு.
நிலக்கரிப் புகை ஜன்னல் கண்ணாடியில்
கன்னம் வைத்து நிற்கிறது.
சமையலறைத் தொட்டி ஓரம் பதினேழு தூரிகைகள்,
குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் முகத்தோடு.

வெந்நீர் கூடாது.
தகரக் கழுத்துக்குள் இருக்கும் பசை இளகிவிடும்,
பிறகு கண்ணிமைக்கு ஒரு முடி,
உதட்டுக்கு ஒரு முடியென்று உதிரும்.
புறங்கையில் விட்டுப் பார்க்கிறேன்.
சூடென்றும் சொல்ல முடியாத, குளிரென்றும் சொல்ல முடியாத நீர்.

முதலில் பெரியது.
உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு,
மெல்ல ஒரு வட்டம், இன்னொரு வட்டம்.
வியாழக்கிழமை வானிலை வாசித்தவளின் கன்னம்
நுரையாகிப் போகிறது.
அதன் பின்னால் ஒரு மல்யுத்த வீரனின் நெற்றி.
கேமராவில் மின்னக் கூடாதென்று பவுடர் போட்டபோது
ஊசிக்குப் பயந்தவனைப்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"என்ன முடி அது?"
கணவரின் தம்பி லுவ்சான்.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் கோபியிலிருந்து
ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்தவன்.
வாயில் பஞ்சு, ஒரு பக்கக் கன்னம் பன்.
"ஆட்டு முடி."
"ஆட்டு முடிக்கா ஷாம்பு!"
சிரிப்பு வந்து, வலி வந்து, தாடையைப் பிடித்துக்கொண்டான்.
"என்கிட்ட அறுநூறு ஆடு இருக்கு, அண்ணி.
ஒண்ணுகூட இதுவரைக்கும் குளிச்சதில்ல."

நான் சிரிக்கவில்லை. சாய்வாக வெட்டிய
மை தீட்டும் தூரிகை கைக்கு வந்திருந்தது.
புதியது. பழையதை அக்டோபரில் ஒடித்துப் போட்டேன்.

அனுஜினின் கல்யாணம். தோழிக்கு லேசாகக் கண் சிவந்திருந்தது.
தூக்கமில்லை என்றாள்.
எனக்கும் நேரமில்லை.
டிஷ்யூவில் துடைத்தேன்.
துடைத்தேன், அவ்வளவுதான். கழுவவில்லை.
அடுத்து மணப்பெண், அவள் அம்மா, இன்னும் இரண்டு பேர்.
மூன்றாம் நாள் எல்லோருக்கும் கண்வலி.
அனுஜின் திட்டவில்லை.
ஒரே ஒரு படம் அனுப்பினாள்:
கட்டிலில் மணமகனும் மணமகளும்
கறுப்புக் கண்ணாடியோடு, தேநீர்க் குவளையோடு.
பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.
பாதியை அவள் திருப்பி அனுப்பினாள்.
அந்தப் பாதியை இன்னும் செலவு செய்யவில்லை.
தூரிகை என்ன பாவம் செய்தது, ஒடித்திருக்க வேண்டாம்.

நீர் தெளியும் வரை அலசுகிறேன்.
தெளிந்த பிறகும் ஒருமுறை.

லுவ்சான் பக்கத்தில் வந்து நின்றான்.
கேட்காமலே ஒன்றை எடுத்தான்.
முறுக்கிப் பிழிவான் என்று பயந்தேன்.
இரண்டு விரலுக்கு நடுவே வைத்து
ஈரத்தை நுனிவரை வழித்து இறக்கினான்,
பிறந்த குட்டியின் காதைத் துடைப்பதுபோல.
"ஹீட்டர்கிட்ட வேணாம். முடி வெடிச்சுடும்."
தெரியும் என்றேன். எனக்குத் தெரியாதா?
மேசை விளிம்பில் துண்டு விரித்து
தலை வெளியே நீட்ட, சற்றே கீழ்நோக்கி
எல்லாவற்றையும் படுக்கவைத்தோம்.
"தொட்டியில தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு"
என்றான். பிறகு, தயங்கி,
"இந்த வீக்கத்தை மறைக்க முடியுமா?"
"வீக்கம் மறையாது. நிறம் வேண்டுமானால் மறையும்."
யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

ஐந்து மணி பஸ்ஸுக்கு எப்போது கிளம்பினானோ.
காலையில் எழுந்து பார்த்தேன்,
கண்ணாடிக்குக் கீழே சிந்திய கொஞ்சம் பவுடர்.
ஷாம்புப் புட்டிக்கு மூடியில்லை.
மேசையில் பதினாறு தூரிகைகள் உலர்ந்து கிடந்தன.
ஒன்று மட்டும் ஈரமாக,
நுனி கூராக வழிக்கப்பட்டு,
விளிம்புக்கு வெளியே
தலை நீட்டிக்கொண்டிருந்தது.